குண்டொல்லி

ஜெயந்திரனோடு பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் நடந்துபோவது லேசான காரியமில்லை. பத்தடிக்கு ஒருமுறை நின்றுவிடுவார். கடைக்குள் என்ன விற்கிறது என்று பார்ப்பதற்கல்ல, கடைக்கு மேலே பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு. "அந்த 'ண'வப் பாருங்களேன், மூச்சு முட்டுது அதுக்கு" என்பார். கூட வந்தவருக்கோ பசியில் உயிர் போகும். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றுகொண்டு, 'ண'வுக்கு மூச்சு முட்டினால் எனக்கென்ன என்று கேட்கவும் முடியாது. மனுஷர் அவ்வளவு நல்லவர்.

வயது ஐம்பத்திரண்டு. அவருடைய அப்பா வல்லிபுரம் யாழ்ப்பாணத்து வம்சம், ரயில்வேயில் குமாஸ்தா. மகனை டாக்டராக்க ஆசைப்பட்டார். மகனோ பெயர்ப்பலகைக் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தவர்தான், இருபத்தெட்டு வருஷமாக எழுந்திருக்கவில்லை. கல்யாண பேனர், கோயில் திருவிழா பேனர், கார்க் கண்ணாடியில் ஒட்ட வேல், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு உபயதாரர் பெயர்கள் என்று கிள்ளான் வரைக்கும் அவர் கைபட்ட எழுத்து தொங்கிக்கொண்டிருக்கிறது. யார் எழுதியது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்தத் தொழிலில் ஒரு பெரிய தலைவலி உண்டு. இங்கே பெயர்ப்பலகையில் மலாய் எழுத்துதான் பெரிதாக இருக்க வேண்டும். மிச்சமிருக்கிற ஒடுங்கிய இடத்தில் தமிழ் உட்கார்ந்துகொள்ள வேண்டும். மலாயில் 'கெடாய் குந்திங்' என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடும். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? 'நவீன முடிதிருத்தும் அழகு நிலையம்' என்று ஒரு ரயில் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அதை அந்த இடத்தில் அடக்க, இருக்கிற எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்து நெருக்குவார்கள். நிற்கிற கோடெல்லாம் மெலிந்துபோகும், படுத்திருக்கிற கோடு மட்டும் தடித்தே இருக்கும். சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் ஒன்றும் புரியாது.

இதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஜெயந்திரன், சொந்தமாக ஒரு எழுத்தை வரைந்துவிடுவது என்று இறங்கினார். பிறக்கும்போதே ஒடுக்கமாக, ஆனால் கோடு நல்ல தடிமனாக. மூலைகள் கூராக இருக்கக் கூடாது என்பது அவருடைய முதல் கட்டளை. அதற்குக் காரணம் அழகில்லை. ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டும் எழுத்து நம் ஊர் வெயிலிலும் மழையிலும் கிடந்து, கூரான மூலையில்தான் முதலில் பிரிந்துகொண்டு கிளம்பும். மூலையை உருட்டிவிட்டால் பிடித்த பிடி விடாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், சாப்பிட்டு முடித்த கையோடு, வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்த வேலை நடக்கும். ஒரே மகள் தாராவுக்கு அப்போது ஆறு வயது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. நாற்காலிக்குப் பின்னால் ஏறி நின்று, அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பார்ப்பாள்.

"இது என்னப்பா, குண்டு எழுத்து?"

"குண்டு இல்லடா, ஒல்லி. பாரு, எவ்ளோ குறுகலா நிக்குது."

"குண்டாவும் இருக்கு, ஒல்லியாவும் இருக்கு. அப்போ குண்டொல்லி லா!"

பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. கம்ப்யூட்டரில் கோப்புக்குப் பெயரே குண்டொல்லிதான்.

இந்த இடத்தில் 'ர'வைப் பற்றியும் துணைக்காலைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தமிழ் படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இரண்டும் ஒரே ஜாடை. மேலே ஒரு குறுக்குக் கோடு, இரண்டு பக்கமும் இறங்குகிற கோடுகள், கதவு நிலை மாதிரி. 'ர'வுக்கு மட்டும் அடியில் சாய்வாக ஒரு சின்ன வால். கையால் எழுதும்போது பாதிப்பேர் அந்த வாலைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் தடித்த கோட்டில், ஒடுங்கிய இடத்தில், முனையும் மழுங்கியிருக்கிறபோது, அந்த வாலை வைப்பது பெரும்பாடு. ஒன்று கரைந்து காணாமல் போகும், இல்லையென்றால் மரு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். மூன்று வாரம் மல்லுக்கட்டி ஒருவழியாக 'ர'வைச் சரிசெய்தவர், அதையே நகலெடுத்துத் துணைக்காலுக்கும் போட்டுவைத்தார். வாலை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பு. சுத்தமாக மறந்துபோனார்.

எல்லா எழுத்தும் சேர்ந்த அன்று, முதன்முதலாக அடித்துப் பார்த்த சொல் 'அப்பா'. திரை முழுக்கப் பெரிதாக வைத்து மகளைக் கூப்பிட்டார்.

"எங்க, படி பாப்போம்."

தாரா விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். "அ... ப்... ப... ர. அப்பர!"

"அப்பாடா அது."

"இல்ல. வால் இருக்கு. அப்பர."

உற்றுப் பார்த்தார். வால் இருந்தது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஜெயந்திரனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வெட்டலாம் என்று மவுஸை நகர்த்தினால் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டாள். "வெட்டாதீங்க அப்பர." அவர் வெட்டவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டது, அப்படியே பதினொரு வருஷம் ஓடிவிட்டது. கடையில் அவர் அந்த எழுத்தில் செய்த பலகைகளைப் பார்த்தவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. நம் ஆட்கள் எழுத்துக் கூட்டியா படிக்கிறார்கள், இடத்தைப் பார்த்துத்தானே படிக்கிறார்கள்!

அன்றிலிருந்து அவர் அப்பா இல்லை, அப்பர. அவருடைய மனைவி தாமரைக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை. "நாயன்மார்ல ஒருத்தர் இருக்காரே, அவரையா கூப்பிடுறேன்னு கேக்கப் போறாங்க" என்று திட்டுவாள். தாரா காதில் வாங்கினால்தானே! தன் பெயருக்கும் ஒரு கதை வைத்திருந்தாள். குண்டொல்லியில் 'தாரா' என்று அடித்தால் ஒரு 'த'வும் அதற்குப் பின்னால் அச்சடித்த மாதிரி மூன்று கதவுகளும் நிற்கும். எது கால், எது 'ர' என்று கடவுளுக்கே தெரியாது. பிறந்தநாள் அட்டையில் அவருக்குக் கையெழுத்துப் போடும்போது பெயரை எழுத மாட்டாள். 'த-வும் மூணு கதவும்' என்று எழுதுவாள்.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தைப்பூசத்தன்று பத்துமலைக் கூட்டத்தில் அவர் பிடியிலிருந்து அவள் கை நழுவிவிட்டது. அந்தக் கூட்டத்தில் 'அப்பா' என்று கத்துகிற பிள்ளைகள் எத்தனை, திரும்பிப் பார்க்கிற அப்பாக்கள் எத்தனை! ஜெயந்திரனுக்கு ஒவ்வொரு குரலுக்கும் திரும்பித் திரும்பிக் கழுத்தே பிடித்துக்கொண்டது. உறுமிச் சத்தத்துக்கு மேலே, எங்கோ படிக்கட்டுப் பக்கமிருந்து, "அப்பர!" என்று ஒரு குரல் வந்தது. அதற்கு ஒரே ஒருத்தர்தான் திரும்பினார். பிறகு தாமரையும் அந்தப் பெயரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

பதினேழு வயதில், ஐந்தாம் படிவம் படிக்கும்போது, தாராவுக்கு டெங்கி வந்தது. வியாழக்கிழமை காய்ச்சல். அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் இல்லை. இதற்கு மேல் நீட்ட எனக்கு மனசு வரவில்லை. இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் யாராவது ஒருத்தருக்கு வந்துபோகிற காய்ச்சல்தான். கவனித்தவர்கள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும். திங்கட்கிழமை பகலில் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் அனுப்பிய செய்தி இன்னும் இருக்கிறது. 'அப்பர, சார்ஜர் எடுத்துட்டு வாங்க. வெள்ளை.' வீட்டில் அந்த வெள்ளைச் சார்ஜரைத் தேடி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். உள்ளே போனுக்கு வேலையில்லை. சார்ஜரைக் கையில் சுற்றிவைத்துக்கொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வாசலில் கட்ட வேண்டிய அஞ்சலிப் பேனரைக் கடையில் கூட வேலை செய்கிறவர்கள் தாங்களே செய்துவிடுவதாகச் சொன்னார்கள். ஜெயந்திரன் கேட்கவில்லை. கடைக்குப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, படத்தை வைத்து, பெயரைக் குண்டொல்லியில் அடித்து, தானே அச்சடித்து எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் கூடாரம் போட வந்த ஆட்களில் சொக்கலிங்கம் என்று ஒருவர். தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வேலைக்கு வந்தவர். பேனரை விரித்துப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணே, புள்ள பேரு என்னண்ணே? தரரரன்னு இருக்கு. அடிச்சவன் தப்பா அடிச்சிட்டான் போல."

"சரியாத்தான் இருக்கு" என்றார் ஜெயந்திரன். "கட்டுங்க."

சொக்கலிங்கம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏணியில் ஏறிக் கட்டினார்.

இரண்டு வருஷம் போனது. ஜெயந்திரன் வேலைக்குப் போனார், வந்தார். தெருவில் நின்று எழுத்துகளைப் பார்ப்பது மட்டும் நின்றுபோனது. குண்டொல்லியில் எழுதிய பலகை எதிரே வந்தால் மட்டும் நடையைக் கொஞ்சம் தளர்த்துவார். அதில் எங்கெல்லாம் துணைக்கால் வருகிறதோ அங்கெல்லாம் அந்த வால். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு ஆறு வயசுக் குரல் எழுத்துக் கூட்டுவது அவருக்குக் கேட்கும். அது ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

அப்போதுதான் நஸ்ரின் வந்தாள். கிள்ளானில் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு அட்டைகள் தயாரிக்கிற சின்ன நிறுவனத்தில் வேலை. பூக்கடைப் பலகையில் குண்டொல்லியைப் பார்த்துவிட்டு, விசாரித்து விசாரித்து அவரைக் கண்டுபிடித்திருந்தாள்.

"நீளமான சொல்லெல்லாம் ஒரே வரியில நிக்குதுண்ணே. கடைசி பெஞ்சுல இருந்து பாத்தாலும் பளிச்சுனு தெரியுது. மூலையெல்லாம் உருண்டையா, பிள்ளைங்களுக்குப் புடிக்கும். நாப்பது பள்ளிக்குப் போகப்போற அட்டைண்ணே. உங்க பேரும் போடுவோம்." சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசியில் இழுத்தாள். "ஒரே ஒரு விஷயம் மட்டும். துணைக்காலுக்கு வால் இருக்கு. அத மட்டும் எடுத்துட்டீங்கன்னா..."

"எடுக்க முடியாது" என்றார்.

"சின்ன வேலைதானேண்ணே?"

"பழைய புத்தகத்துல 'ரி'க்கும் 'ர்'க்கும் வாலே கிடையாது. நம்ம தாத்தாமாரு படிக்கலையா? எடத்தப் பாத்துப் படிச்சிக்குவாங்க."

"அவங்க படிக்கத் தெரிஞ்சவங்கண்ணே. இதுங்க இப்பத்தான் கத்துக்குதுங்க."

"அப்போ வேற எழுத்து பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷர். கடையில் எல்லாரும் வேலையை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு வாலுக்கா இவ்வளவு என்று அந்தப் பெண் திகைத்து நின்றாள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் தாமரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "வெட்டிட்டா அவ கூப்பிட்டது இல்லாமப் போயிடுமாங்க?"

"போயிடும்" என்றார் ஜெயந்திரன். "தாரா படிச்சது தப்பு இல்ல. நான் வரைஞ்சதத்தான் படிச்சா. வெட்டிட்டா அது தப்புன்னு ஆயிடும்."

தாமரை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

நஸ்ரின் விடுகிற ரகமில்லை. ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டாள். பலகைகளைப் படமெடுத்து, வால் இருக்கிற மாதிரியே நாலு அட்டை அடித்து ஒரு பாலர் பள்ளியில் கொடுத்துப் பார்க்கப் போவதாகவும், பிள்ளைகள் சரியாகப் படித்துவிட்டால் அப்படியே அச்சடித்துக்கொள்வதாகவும் சொன்னாள். "நீங்களே வந்து பாருங்கண்ணே. நான் சொல்றது தப்பா இருந்தா மன்னிப்புக் கேட்டுக்கிறேன்." இவ்வளவு மரியாதையாகக் கேட்டால் எப்படி மறுப்பது? சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனார்.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பள்ளி. இருபது பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இராஜம்மா டீச்சர் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். 'பல்' வந்தது, 'மயில்' வந்தது. பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள். ஜெயந்திரன் பின்பக்கம் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். மூன்றாவதாக 'அப்பா'. படமில்லை, எழுத்து மட்டும். டீச்சர் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளையை எழுப்பினார். இரட்டைச் சடை, ஒரு சடையில் ரிப்பன் இல்லை.

அவள் விரலை நீட்டினாள். "அ... ப்... ப... ர. அப்பர."

ஜெயந்திரன் திரும்பிவிட்டார். உட்கார்ந்த இடத்திலேயே, கதவுப் பக்கம், கூப்பிட்ட ஆளைத் தேடித் திரும்பிவிட்டார். அங்கே செருப்புகள்தான் கிடந்தன.

"அப்பர இல்ல கண்ணு, அப்பா" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். வால் இருக்கு."

"அது அப்பாதாம்மா. நல்லா பாரு."

மற்ற பிள்ளைகளுக்கு இது போதாதா? "அப்பர! அப்பர!" என்று சிரிப்பு கிளம்பிவிட்டது. பிள்ளை மறுபடியும் அட்டையைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். கண்ணுக்குத் தெரிகிற வாலை இல்லை என்கிறார்கள். உதடு பிதுங்கியது. நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு, "எனக்குத் தெரியல டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தெரியும் அவளுக்கு. அந்த அறையிலேயே ஒழுங்காகப் படித்தவள் அவள் ஒருத்திதான். ஜெயந்திரன் எழுந்து முன்னால் போனார். அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். 

"நீ படிச்சது சரிம்மா" என்றார். "சரியாப் படிச்ச. எழுதுனவன்தான் தப்பா எழுதிட்டான்."

பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "யாரு அங்கிள் எழுதுனது?"

"நான்தான்."

  ரயிலில் திரும்பி வரும்போது ஷா ஆலம் ஸ்டேஷன் தாண்டுகிறவரைக்கும் சமாளித்தவர், அதற்கப்புறம் முடியாமல், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். எதிர் இருக்கையிலிருந்த மலாய்க்கார அம்மா ஒரு டிஷ்யூ பாக்கெட்டை அவர் மடியில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பசியாறியதும் கம்ப்யூட்டரைத் திறந்தார். துணைக்காலை எடுத்துப் பெரிதாக வைத்தார். வாலைச் சுற்றி நாலு புள்ளிகள். அவற்றை அழித்து, கோட்டை நேராக இறக்கி, முனையை உருட்டிவிட வேண்டியதுதான். மொத்தம் ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்துக்கு அவருக்கு மத்தியானம் ஆயிற்று.

பழைய கோப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். வைத்திருக்கிறார். இருந்து என்ன? அதைப் பார்த்து வாய்நிறையப் படிக்க ஆள் வேண்டுமே. படித்தவள் போய்விட்டாள். இன்னொருத்தி படித்தாள், அவளைச் சிரித்து உட்காரவைத்துவிட்டார்கள்.

வெட்டி முடித்ததும், அவரை அறியாமல் கை முதலில் அடித்தது மகள் பெயரை. 'த', ஒரு கால், வாலோடு 'ர', மறுபடி ஒரு கால். தாரா. பதிமூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய எழுத்தில் அவள் பெயர் ஒழுங்காக இருந்தது. சொக்கலிங்கம் பார்த்தால்கூடத் தடங்கலில்லாமல் படித்திருப்பார்.

தேத்தண்ணி கொண்டுவந்த தாமரை பின்னால் நின்றுவிட்டாள். "தாரா" என்று மெல்லப் படித்தாள். அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அவர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயந்திரன் பெயரை அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே இன்னொரு சொல்லை அடித்தார்.

"இதப் படி" என்றார்.

"அப்பா" என்றாள் தாமரை. பிறகு, அவர் தோளில் கைவைத்து, "சரியா இருக்குங்க" என்றாள்.

"சரியாத்தான் இருக்கு தாமரை" என்றார் ஜெயந்திரன். "ஆனா அது என்னைக் கூப்பிடல."